உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவு: ரியூசனா, காணொளியா, சொந்தப் படிப்பா?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையே வீடுகளில் ஒரு விசாரணை தொடங்கிவிடும். இணைந்த கணிதத்துக்கு எந்தச் சேர், பௌதிகவியலுக்கு யார், இரசாயனவியலுக்கு எங்கே போவது, போன முறை மூன்று ஏ எடுத்த பிள்ளை யாரிடம் படித்தது? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, எங்கும் இதே பேச்சுத்தான். பிள்ளையின் இரண்டு வருடத்தையும் வீட்டுக் காசில் பெரும் பங்கையும் இந்த விசாரணைதான் தீர்மானிக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அதில் விடுபட்டுப் போகிறது. வகுப்பெல்லாம் போய் வந்த பிறகு, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் பிள்ளை தனியே இருந்து, கொப்பியைத் திறக்காமல், கணக்குச் செய்யப்போகிறது?

பெறுபேற்றைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மணித்தியாலக் கணக்குத்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை. அயலில் உள்ள பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் காண்பதும் அதைத்தான். ஆகவே ஒவ்வொரு வழியையும் அந்த ஒரு அளவுகோலால்தான் இங்கே அளக்கிறேன்.

முதலில் பரீட்சை எதைக் கேட்கிறது

இணைந்த கணிதத்துக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். ஏ பகுதியில் பத்துக் கேள்வி, பத்தும் கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பி பகுதியில் ஏழு கேள்வி, விரும்பிய ஐந்தைச் செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஒரு தாளுக்கு மொத்தம் 1000. நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்: ஏ பகுதிக் கேள்விக்கு ஆறு நிமிடம் கொடுத்தால் 60 நிமிடம் போய்விடும். மிச்சம் 120 நிமிடத்தில் ஐந்து பெரிய கேள்வி, அதாவது ஒன்றுக்கு 24 நிமிடம். யோசித்து வழி கண்டுபிடிக்க அங்கே நேரம் இல்லை. வழி கைக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும்.

பௌதிகவியல், இரசாயனவியல் இரண்டுக்கும் முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கணிகருவிக்கு அனுமதி இல்லை. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதும் இல்லை, ஆகவே வெறுமையாக விட்ட வினா சும்மா இழந்த வினா. இரண்டாம் தாளில் அமைப்புக் கட்டுரை வினா நான்கு கட்டாயம், பிறகு கட்டுரை வினாக்களில் நான்கு. செய்முறைக்கெனத் தனிப் பரீட்சை கிடையாது. ஆனால் ஆய்வுகூடத்தில் கைவைத்தவனா இல்லையா என்பதை அமைப்புக் கட்டுரை வினா காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மேலே இசட் புள்ளி. 2001 தொடக்கம் பல்கலைக்கழக அனுமதி அதன்படிதான் நடக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகி நிற்கிறீர்கள் என்று பார்த்து, மூன்று பாடத்தையும் சராசரியாக்குகிறார்கள். ஒரு பாடத்தைக் கைவிட்டு மற்ற இரண்டால் ஈடுகட்டுவது மிகக் கடினம். இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

மூன்று பாடத்துக்கும் பெரிய வகுப்பு

நன்மை இல்லாத வழி என்று இதை ஒதுக்க முடியாது. வன்னியிலும் மலையகத்திலும் தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதம் படிப்பிக்க ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளையிடம் "ரியூசனுக்குப் போகாதே" என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. நல்ல வகுப்பு பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிக்கும், எந்த அலகில் எந்த வகை வினா வரும் என்று காட்டும், ஒழுங்கு ஒன்றைக் கொடுக்கும். வீட்டில் இருந்தால் படிக்கவே உட்காராத பிள்ளைக்கு அந்த ஒழுங்கு பெரிய உதவி.

ஆனால் மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு நான்கு மணித்தியாலம் தியரி, அதற்கு மேல் மூன்று மணித்தியாலப் பேப்பர் வகுப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாடம் என்றால் பள்ளிக்கூடம் தவிர இருபது மணித்தியாலத்துக்குக் குறையாது. போக்குவரத்தையும் சேருங்கள். சனி, ஞாயிறு முழுவதும் போய்விடும், கிழமை நாட்களின் பின்னேரங்களும் போய்விடும். மிஞ்சுவது இரவு பத்து மணிக்குப் பிறகு, கொட்டாவியோடு கொப்பியைப் புரட்டும் நேரம்.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறொன்று. சேர் வெண்பலகையில் ஒரு எறியக் கணக்கை அழகாகச் செய்து முடிக்கும்போது பிள்ளைக்கு எல்லாம் விளங்கியது போல இருக்கும். உண்மையிலேயே விளங்கியும் இருக்கலாம். ஆனால் எந்தத் திசையில் வேகத்தைப் பிரிப்பது, எந்தச் சமன்பாட்டை முதலில் எழுதுவது என்ற முடிவுகளை எடுத்தது சேர்தான். பரீட்சை மண்டபத்தில் அந்த முடிவைத்தான் பிள்ளை தனியே எடுக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு இருக்கும்போது அதைப் பழகச் சந்தர்ப்பம் குறைவு. பிழைவிட்ட படியைச் சுட்டிக்காட்டவும் ஆள் இல்லை.

பேப்பர் வகுப்பு மட்டும் இதில் விதிவிலக்கு. நேரம் வைத்து எழுத வைத்து, திருத்திக் கொடுக்கிற வகுப்பு என்றால் அதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. தாளைக் கொடுத்துவிட்டு உடனே விடையைப் பலகையில் எழுதத் தொடங்கும் வகுப்பு, பெயரளவில் பேப்பர் வகுப்பு. சேரும் முன் இதைக் கேட்டு அறியுங்கள்.

ஸூமும் பதிவுசெய்த காணொளியும்

கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் வந்தது, இப்போது நிலைத்துவிட்டது. முல்லைத்தீவில் இருக்கும் பிள்ளை கொழும்பில் உள்ள ஆசிரியரிடம் படிக்கலாம். போக்குவரத்து நேரம் மிச்சம். விளங்காத இடத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கலாம். சேதன இரசாயனப் பொறிமுறை போன்ற, ஒரு தடவை கேட்டால் பிடிபடாத பகுதிகளுக்கு இது நேரடி வகுப்பைவிட நல்லது என்றே நினைக்கிறேன்.

கெடுதல் என்னவென்றால், பார்ப்பதையே படிப்பாக எண்ணிவிடுவது. இரண்டு மணித்தியாலக் காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, "மின்புலம் முடிந்தது" என்று சொல்லும் பிள்ளைகள் பலர். காணொளியை நிறுத்தும் பொத்தான்தான் இங்கே மிகப் பயனுள்ள கருவி. ஆசிரியர் கணக்கை வாசித்து முடித்ததும் நிறுத்துங்கள், நீங்களே செய்யுங்கள், பிறகு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு மணித்தியாலக் காணொளிக்கு நான்கு மணித்தியாலம் பிடிக்கும். அதுதான் சரியான நேரம்.

தமிழ்நாட்டுக் காணொளிகளை நம்பிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கம் நன்றாக இருந்தாலும் பாடத்திட்டம் வேறு, கலைச்சொற்களும் பல இடத்தில் வேறு. கருத்து விளங்கப் பார்க்கலாம். வினாப் பயிற்சிக்கு நம்முடைய தாள்களுக்கே திரும்ப வேண்டும்.

பள்ளிக்கூடமும் சொந்தப் படிப்பும்

தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி, வளநூல், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள், அதன் புள்ளியிடும் திட்டம், மதிப்பீட்டு அறிக்கை: இவை எல்லாம் தமிழில் இருக்கின்றன, பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றில் பிள்ளைகள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது புள்ளியிடும் திட்டத்தை. என்னைக் கேட்டால், உயர்தரப் படிப்பில் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

ஒரு உதாரணம். இணைந்த கணித முதலாம் தாளின் ஏ பகுதியில் கணிதத் தொகுத்தறிவுக் கேள்வி ஒன்று வழமையாக வரும். 25 புள்ளி எப்படிப் பிரிகிறது என்று திட்டத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒன்றுக்கு உண்மை என்று காட்ட 5, ஏதோ ஒரு நேர் நிறைவெண்ணுக்கு உண்மை என எடுகொள்ள 5, அடுத்த எண்ணுக்கு நிறுவும் படிகளுக்கு 10, கடைசியில் "ஆகவே தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறைவெண்ணுக்கும் உண்மை" என்ற முடிபு வாக்கியத்துக்கு 5. கணக்கை முழுதாகச் சரியாகச் செய்த பிள்ளை, அந்த ஒரு வரியை எழுதாமல் ஐந்து புள்ளியை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதை நான் எத்தனையோ தாளில் பார்த்திருக்கிறேன். இயக்கவியலிலும் இதே கதை: விசைகளைக் குறித்த படத்துக்கே புள்ளி உண்டு. மனதில் படம் தெளிவாக இருக்கிறதென்று நேரே சமன்பாட்டில் இறங்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அதை இழக்கிறார்கள். எங்கே புள்ளி விழுகிறது என்று பழகியவனுக்கு, முடிக்க முடியாத கேள்வியிலும் பாதிக்கு மேல் எடுக்கத் தெரியும்.

மதிப்பீட்டு அறிக்கையும் அப்படித்தான். எந்த வினாவைக் கூடுதலான பரீட்சார்த்திகள் தவிர்த்தார்கள், எந்த இடத்தில் பிழைவிட்டார்கள் என்று திணைக்களமே எழுதி வைத்திருக்கிறது.

இந்த வழியின் பலவீனமும் வெளிப்படையானது. ஒழுங்கு பிள்ளையிடமிருந்தே வர வேண்டும். ஒரு அலகில் சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியரைத் தேடிப்போய்க் கேட்கும் கூச்சமில்லாத பிள்ளைக்கு இது மிக நல்ல வழி. கூச்சப்படும் பிள்ளை கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே போகும், தரம் 13 வரும்போது அது மலையாகிவிடும். இன்னொன்று: கடைசி வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நின்று படிப்பதைச் சொந்தப் படிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஆய்வுகூடமும் தவணைப் பரீட்சையும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கின்றன.

கூட்டாளிகளோடு சேர்ந்து படிப்பது தனி வழி ஆகாது, ஆனால் மேலே சொன்ன எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒரே தாளை ஆளுக்காள் தனியே எழுதி, மாற்றித் திருத்துங்கள். அடுத்தவரின் விடையைத் திட்டத்தோடு வைத்துத் திருத்தும்போது படிக்கிற அளவு, தன் விடையைப் பார்க்கும்போது படிப்பதில்லை.

வாசிப்பதா, மூடிவைத்து எழுதுவதா

எந்த வழியை எடுத்தாலும் இந்த இரண்டாவது தெரிவு வரும். பெரும்பாலான பிள்ளைகள் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், நிறப் பேனையால் கோடு போடுகிறார்கள். 2006இல் ரொடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அசேதன இரசாயனத்துக்கு இது அப்படியே பொருந்தும். கோபாற்று அயனின் நீர்க்கரைசல் இளஞ்சிவப்பு, செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் சேர்த்தால் நீலம். நிக்கல் பச்சை, மிகை அமோனியாவில் நீலமாகும். இவற்றைப் பத்துத் தரம் வாசிப்பதிலும் பார்க்க, வெறுந்தாளில் மூலகங்களின் பெயரை மட்டும் எழுதி நிறங்களை நினைவிலிருந்து நிரப்பி, பிறகு கொப்பியோடு ஒப்பிட்டுப் பிழைத்ததை மட்டும் மறுநாள் திரும்ப எழுதுவது நேரத்தையும் மிச்சப்படுத்தும், நிலைக்கவும் நிலைக்கும். சேதன இரசாயனத்தில் தாக்கங்களை ஒரே பெரிய தாளில் வலையாக வரைந்து, கிழமைக்கு ஒருமுறை பாராமல் மீண்டும் வரையுங்கள். ஆனால் பாடமாக்கியது மட்டும் போதாது. இரசாயனப் பல்தேர்வில் 41 முதல் 50 வரையான வினாக்கள் இரண்டு கூற்றைத் தந்து, இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று கேட்பவை. "ஏன்" என்று கேட்டுப் படிக்காதவர் அங்கே அகப்படுவார்.

பௌதிகவியலில் கணிகருவி இல்லாததால் விகிதத்தில் சிந்திக்கப் பழக வேண்டும். சுரமானிக் கம்பியின் இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்கு. எண்களைப் பிரதியிட்டு இரண்டு தரம் கணித்து ஒப்பிடத் தேவையில்லை. பல்தேர்வில் பெரும்பகுதி இப்படி அரை நிமிடத்தில் முடியும். அந்த மிச்ச நேரம்தான் நீண்ட வினாக்களுக்கு உதவும். செய்முறைக்கு, வேணியர் இடுக்கி, நகரும் நுணுக்குக்காட்டி, சுரமானி, கலவை முறையில் தன்வெப்பக் கொள்ளளவு என ஒவ்வொன்றிலும் எந்த அளவீட்டை ஏன் அப்படி எடுக்கிறோம், வரைபின் படித்திறன் எதைத் தருகிறது என்று உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள்.

கடந்தகால வினாவை எப்போது தொடங்குவது

"தியரி முழுக்க முடியட்டும், பிறகு பேப்பர்" என்பது ஒரு வழி. அலகு முடியும்போதே அந்த அலகுக்குரிய கடந்தகால வினாக்களைச் செய்வது மற்றது. முதல் வழியில் தரம் 13இன் நடுப்பகுதி வரை பிள்ளைக்குத் தன் நிலை தெரியாது. தெரியவரும்போது திருத்த நேரம் இருக்காது. இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. தொகையிடல் அலகு முடிந்ததும் தொகையிடல் கணக்காகவே இருபது செய்தால், பதினொராவது கணக்கிலிருந்து கை தானாக ஓடும். எந்த முறை என்று தெரிவுசெய்யும் வேலையே இல்லை. பரீட்சையில் அந்தத் தெரிவுதான் பாதி வேலை. ஆகவே அலகு வினாக்களோடு, கிழமைக்கு ஒரு நாளாவது முன்பு முடித்த அலகுகளைக் கலந்து செய்ய வேண்டும். அந்த நாளில் பிழை கூடுதலாக வரும், மனம் சோரும், பரவாயில்லை.

இப்போதைய பாடத்திட்டத்தில் முதற் பரீட்சை 2019இல் நடந்தது. அதற்குப் பிந்திய தாள்களை அலகு அலகாகப் பிய்த்துச் செய்து தீர்த்துவிடாதீர்கள். சிலவற்றைத் தொடாமல் வைத்து, கடைசி மாதங்களில் மூன்று மணித்தியாலம் வைத்து முழுத்தாளாக எழுதுங்கள். அலகுப் பயிற்சிக்குப் பழைய தாள்கள் தாராளமாக இருக்கின்றன. பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, நீக்கிய பகுதிகளை விட்டுவிட்டுச் செய்யலாம்.

இணைந்த கணித பி பகுதியில் ஏழில் ஐந்து என்பதால், சிலர் ஆரம்பத்திலேயே இரண்டு பகுதியைக் கைவிடுகிறார்கள். நிலையியலுக்கும் நிகழ்தகவுக்கும்தான் அதிகம் இந்தக் கதி நேர்கிறது. அப்படிச் செய்தால் மண்டபத்தில் தெரிவே இல்லை, மிஞ்சிய ஐந்தில் ஒன்று கடினமாக வந்தால் 150 புள்ளி போகும். ஆறுக்குத் தயாராகுங்கள். ஒன்றை விடலாம்.

என் முடிவு

சாதாரணமாகப் படிக்கக்கூடிய, பள்ளிக்கூடத்தில் ஓரளவு ஆசிரியர் உள்ள பிள்ளைக்கு: பள்ளிக்கூடம், மிகப் பலவீனமான ஒரே பாடத்துக்கு ஒரு வகுப்பு, மற்ற இரண்டுக்கும் சொந்தப் படிப்பு, விளங்காத அலகுக்கு மட்டும் காணொளி. பலருக்கு அந்த ஒரு பாடம் இணைந்த கணிதமாக இருக்கும். தரம் 13இல் பௌதிகவியலுக்கோ இரசாயனவியலுக்கோ திருத்திக் கொடுக்கும் பேப்பர் வகுப்பு ஒன்றைச் சேர்க்கலாம். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான். அவர்களுக்கு வகுப்பு தேவைப்படுவது பெரும்பாலும் பௌதிகவியலுக்கு.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியரே இல்லையென்றால் அந்தப் பாடத்துக்கு வகுப்போ ஸூமோ கட்டாயம் வேண்டும், தயங்க வேண்டாம். இரண்டாம் தடவை எழுதுபவர்கள் திரும்பவும் தியரி வகுப்பில் முதலிலிருந்து உட்காருவதை நான் விரும்பவில்லை. போன தடவை எழுதிய தாள்களைப் புள்ளியிடும் திட்டத்தோடு திரும்பச் செய்தால், எந்த அலகு போதாது என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும். அந்த அலகுகளுக்கு மட்டும் தியரி, மிச்சம் எல்லாம் தாள்.

எந்த ஒழுங்கை எடுத்தாலும் தரம் 12இன் முதல் தவணை முடிவில் ஒரு சோதனை வையுங்கள். முடிந்த அலகுகளிலிருந்து ஏ பகுதிக் கேள்வி ஐந்து, பௌதிகவியல், இரசாயனப் பல்தேர்வு பத்துப் பத்து, நேரம் வைத்து, பிறர் திருத்தி. வகுப்பில் விளங்கிய அளவுக்கும் அந்தத் தாளில் விழுந்த புள்ளிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், கிழமையின் வகுப்பு மணித்தியாலத்தில் நான்கைக் குறைத்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் தவணை முடிவில் அதே அளவுத் தாளை மீண்டும் வைத்துப் பாருங்கள். பரீட்சை நெருங்கும்போது வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் திணைக்களமே தடைசெய்துவிடும். அந்த நாட்களில் எப்படியும் பிள்ளை தனியேதான் இருக்கப்போகிறது. முன்பே பழகிய பிள்ளைக்கு அது ஓய்வும் தாளும் கலந்த நல்ல கிழமையாக அமையும்.